கிழிசல் போன வழியில் பொன் போகட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய படங்களை அம்மா போனில் பெரிதாக்கிக் காட்டினாள். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய உன் ஜப்பானிய டீச்சரம்மாவுக்குக் கின்சுகி மாதிரி, அதாவது உடைந்த கிண்ணத்தின் விரிசலைப் பொன்கோடாக ஒட்டுகிற ஜப்பானியக் கலை மாதிரி, ஒரு வாழ்த்து அட்டை செய்யப் போவதாகச் சொன்னாய். நல்ல யோசனைதான். ஆனால் நீலத் தாளில் தங்க நிறப் பேனாவால் விரிசல் வரைந்திருக்கிறாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. காலமெல்லாம் சிவகாசியில் கல்யாணப் பத்திரிகைக்குத் தங்க நிற ஃபாயில் அடித்தவன் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

பேனாவால் வரைந்தால் எல்லா விரிசலும் மின்னல் மாதிரி ஒரே சாயலில்தான் வரும். கை தனக்குப் பழகிய வழியிலேயே போகும். நிஜமாகவே தாளைக் கிழித்துப் பார், அது உன் பேச்சைக் கேட்காது. மில் தாளுக்கு ஒரு கிரெயின் உண்டு. நார் ஓடும் திசையில் கிழித்தால் ஓரளவு நேராக வரும், குறுக்கே கிழித்தால் இஷ்டத்துக்கு வளைந்து ஓடும். உனக்கு வேண்டியது அந்தக் குறுக்குக் கிழிசல். ஒரு பக்கம் மட்டும் நிறம் அடித்த தாள் என்றால் இன்னொன்றையும் கவனி. நிறம் மேலே இருக்கும்படி பிடித்து, ஒரு துண்டை உன் பக்கம் இழுத்துக் கிழி. உன் கைக்கு வரும் துண்டின் ஓரத்தில் வெள்ளை தெரியும், மற்றதில் தெரியாது. அந்த வெள்ளை ஓரத்தின் மேல் பொன்கோடு ஏறினால் நன்றாக எடுப்பாக இருக்கும்.

மூன்று நான்கு துண்டு போதும். அதற்கு மேல் போனால் உடைந்த கிண்ணம் போய் மொசைக் தரை ஆகிவிடும். அடியில் 300 ஜிஎஸ்எம் ஐவரி போர்டு மாதிரி கெட்டியான வெள்ளை அட்டை வை. மடிப்பு கிரெயின் வாக்கில் வரட்டும், இல்லாவிட்டால் மடித்த இடம் வெடிக்கும். துண்டுகளை அவை இருந்த இடத்திலேயே, நடுவில் 2 மில்லிமீட்டர் சந்து விட்டு ஒட்டு. பிறகு அந்தச் சந்தில் மரவேலைக்கு விற்கும் வெள்ளைப் பசையை மெல்லிய மூக்கு வைத்த டப்பாவால் இழு. உடனே பொடி தூவாதே. பசை வெள்ளை மாறித் தெளிந்து, விரல் வைத்தால் லேசாகப் பிடிக்கிற நேரம் ஒன்று வரும். அப்போது தங்க நிறப் பொடியைத் தூவி, காய்ந்ததும் உலர்ந்த பிரஷ்ஷால் மிச்சத்தைத் தட்டிவிடு. முன்னாலேயே தூவினால் பொடி பசைக்குள் முங்கிப்போகும், பிந்தினால் ஒட்டாது. கின்சுகிக்காரர்களும் கடைசியில் உருஷி என்ற மரத்தின் பாலால் கோடு இழுத்து, அது அரைப்பதமாக இருக்கும்போதுதான் தங்கப்பொடி தூவுகிறார்கள். அவர்கள் பொடி நிஜத் தங்கம். நாங்கள் அடித்த ஃபாயிலில் குன்றிமணித் தங்கம்கூடக் கிடையாது, அலுமினியத்தின் மேல் மஞ்சள் சாயம்.

இப்போது ஜப்பானில் மழைக்காலம் என்றாய். உருஷிக்கு அது கொண்டாட்டம். அது காற்றின் ஈரத்தில்தான் இறுகும், அதற்காகவே கிண்ணத்தை ஈரப்பெட்டிக்குள் மூடி வைப்பார்கள். உன் அட்டைக்கு அது சத்துரு. தாள் சுருளும், பசை காய நாள் எடுக்கும். நம்மூரில் அச்சும் தீப்பெட்டியும் பட்டாசும் தழைத்ததற்கே வறண்ட காற்று ஒரு காரணம். ஏசி போட்ட அறையில் காயவிட்டு, பிறகு மேலே கனமான புத்தகம் ஏற்றி ஒரு ராத்திரி விடு.

அசல் உருஷி வாங்கிப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அது நம் சேங்கொட்டை, முந்திரி குடும்பத்து மரம். பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். அட்டைக்கு அது தேவையும் இல்லை.

உவேனோ பக்கம் போனால் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு பச்சைச் சீனக் கிண்ணம் காட்சிக்கு வைத்திருக்கிறார்களா என்று விசாரி. 15ஆம் நூற்றாண்டில் அஷிகாகா யோஷிமாசா என்ற ஷோகனிடம், அதாவது ஜப்பானின் ராணுவ ஆட்சியாளரிடம் இருந்தது. விரிசல் விட்டதும், இதே மாதிரி வேறொன்று வேண்டும் என்று சீனாவுக்கு அனுப்பினாராம். இனி இப்படிச் செய்ய ஆளில்லை என்று, விரிசலில் உலோகக் கொக்கி அடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அந்தக் கொக்கி பிடிக்காமல்தான் கின்சுகி பிறந்தது என்று ஒரு கதை உண்டு. ஆனால் அந்தக் கிண்ணமோ, கொக்கி வெட்டுக்கிளி மாதிரி இருக்கிறது என்று கொக்கியோடேயே வெட்டுக்கிளிப் பெயர் வாங்கிப் புகழ்பெற்றுவிட்டது! பொடி கிடைக்காவிட்டால் கிழிசலின் குறுக்கே இரண்டு ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொடு. விஷயம் தெரிந்தவர் சிரிப்பார்.

உன் அம்மாவுக்கு இது எதுவுமே ஒப்பவில்லை. "கீறல் விட்ட சாமானையே வீட்டில் வைக்கக் கூடாது, அதைப் படம் போட்டு வாழ்த்தா?" என்கிறாள். அங்கேயும் கல்யாணத்தில் உடைவது, வெட்டுவது மாதிரிச் சொற்களைத் தவிர்ப்பார்களாம். ஆகவே ஆபீஸ் தோழியின் கல்யாணத்துக்கு இதை அனுப்பாதே. அதற்கு ஒரு பூ போட்ட அட்டை போதும்.

கவரை 23.5க்கு 12 சென்டிமீட்டருக்குள் வை. 50 கிராமுக்கு மேல் போகாவிட்டால் 110 யென்னில் முடியும். பொடி உதிராமல் இருக்க அட்டையின் மேல் டிரேசிங் பேப்பர் ஒன்று மடித்து வை. உள்ளே எழுதுவதை ஜப்பானிய மொழியிலேயே எழுது, எழுத்துப் பிழை இருந்தாலும் டீச்சரம்மா திருத்திக்கொள்வார்.

அன்புடன்,
அப்பா