மாதவிடாய் நாள்களில் கல்லூரி மாணவிகள் படும் சிரமம் – மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்
முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவியும் விடுதித் தோழிகளும்
(பெயர், கையெழுத்து தனித்தாளில்),
பாளையங்கோட்டை.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: ஏப்ரல் பருவத் தேர்வு தொடங்கும் முன், மாதவிடாய் நாளில் தேர்வு எழுதும் மாணவிகள் கழிப்பறை செல்ல அனுமதியும், கல்லூரிகளில் மருத்துவ, மனநல உதவியும் கிடைக்கச் செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த நவம்பர் தேர்வில் என் அறைத்தோழிக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

மதியத் தேர்வு. இரண்டு மணிக்குத் தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அவளுக்கு உதிரப்போக்கு ஆரம்பித்துவிட்டது. தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருந்ததால் கையில் நாப்கின் இல்லை. எழுந்து, வெளியே போக அனுமதி கேட்டாள். கண்காணிப்பாளர் ஆண். நாற்பது பேர் முன்னால் காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. "அவசரம் சார்" என்று மட்டும் சொன்னாள். "பரீட்சை முடியாம யாரும் வெளிய போகக் கூடாது, உக்காரும்மா" என்றார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பிட் வைத்திருப்பவர்களும் அப்படித்தான் கேட்பார்கள், ஒருத்தரை விட்டால் தன் தலையில் விழும் என்று பயந்திருப்பார். அவள் உட்கார்ந்தாள். ஐந்து மணிக்கு மணியடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் போன பின் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு, பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கைக்குட்டையால் பெஞ்சைத் துடைத்துவிட்டு வந்தாள். அன்று பத்து மதிப்பெண் கேள்விகள் இரண்டை எழுதவில்லை. இரண்டும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தவை.

இப்போது தேர்வு அட்டவணை வந்தாலே காலண்டரை எடுத்துத் தன் தேதி எங்கே விழுகிறது என்று எண்ண ஆரம்பித்துவிடுகிறாள். எண்ணி எண்ணி ராத்திரி தூக்கம் போகிறது. இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள் ஐயா, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. எங்கள் பக்கம் கோயில் கொடைத் திருவிழா, கல்யாணம் என்றால் நாள் தள்ளிப்போக மாத்திரை போடுவது பல வீடுகளில் பழக்கம். அது இப்போது தேர்வுக்கும் வந்துவிட்டது. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே வாங்குகிறார்கள். நோரெதிஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரை அது. ரத்தம் உறைதல் கோளாறோ கல்லீரல் கோளாறோ இருப்பவர்கள் போடக் கூடாது. யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியதை, விடுதியில் மூத்த அக்காமார் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

படிப்பு அழுத்தத்துக்கும் மாதவிடாய்க்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் வீடுகளிலேயே கேட்பார்கள். எனக்கு அது புரிந்தது 2023 டிசம்பர் வெள்ளத்தில். சீவலப்பேரி பக்கம் எங்கள் ஊருக்குள் தண்ணீர் வந்து, இரண்டு நாள் மாடியில் இருந்தோம். அந்த மாதம் எனக்கு வரவே இல்லை. அடுத்த மாதம் வந்தபோது எழுந்து நிற்க முடியாத வலி. பிறகு ஒரு பெண் மருத்துவர்தான் விளக்கினார். மாதவிடாய்க்கான கட்டளை மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியிலிருந்து புறப்படுகிறது. பதற்றம் ஏறி, தூக்கமும் சாப்பாடும் குறைந்தால் அது தடுமாறுகிறது. கருமுட்டை வெளிவருவது தள்ளிப்போய்த் தேதியும் தள்ளிப்போகிறது. வலிக்குக் காரணம் உடலில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும் அது கூடுதலாகச் சுரந்தால் அடிவயிற்று வலியோடு வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைவலி எல்லாம் சேர்ந்துகொள்ளும். மனம் பதறிக்கொண்டிருப்பவளுக்கு அதே வலி இன்னும் பெரிதாகத் தெரியும். வலியில் தூங்காதவள் மறுநாள் இன்னும் பதறுவாள். தேர்வு மாதத்தில் எங்கள் விடுதி முழுக்க இந்தச் செக்கைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஆச்சிமார் இதைக் கவனிக்காமல் விட்டவர்கள் இல்லை. பிள்ளை பெரியவளானால் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டித் தருவார்கள். உளுந்தஞ்சோறு பொங்குவார்கள். வலி என்றால் சுக்குத் தட்டிப் போட்ட கருப்பட்டிக் காப்பி வரும். விடுதியில் வெந்நீருக்கே வழி இல்லை. கெட்டில் வைத்திருந்தால் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். தீ விபத்து பயம், சரி. அதற்குப் பதில் ராத்திரி ஒரு பிளாஸ்கில் வெந்நீர் வைக்கலாமே.

வீட்டிலிருந்து வந்து போகிற பிள்ளைகள் பாடு வேறு. களக்காடு, ராதாபுரம் பக்கமிருந்து காலை ஆறரை பஸ்ஸைப் பிடித்து வருகிறவர்கள் வீடு திரும்ப இருட்டிவிடும். நான் படிக்கும் கல்லூரியில் பெண்கள் கழிப்பறை ஐந்தில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை. நாப்கின் எரிக்கும் இயந்திரம் ஒன்று சுவரில் இருக்கிறது, நான் சேர்ந்த நாளிலிருந்து அது ஓடிப் பார்த்ததில்லை. கூடையும் கிடையாது. அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள், நம் ஊர் வெயிலில். நீர்க்கடுப்பு வந்து அழுத பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன்.

ரத்தசோகையும் இதோடு சேர்கிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதிக உதிரப்போக்கு உள்ள பெண் காலைச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு வகுப்பில் மயங்கி விழுந்தால், "பரீட்சை பயம்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அவளுடைய ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பள்ளியில் படித்தபோது மருத்துவக் குழு வந்தது, சத்து மாத்திரை வந்தது, நாப்கின் வந்தது. கல்லூரியில் சேர்ந்ததும் எல்லாம் நின்றுபோனது.

அரசு எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. மகளிர் இலவசப் பேருந்தும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் கிடைக்கும் ஆயிரம் ரூபாயும் இல்லையென்றால் எங்கள் அறையில் ஆறு பேரில் மூன்று பேர் படிக்க வந்திருக்க முடியாது. அப்படி வந்தவர்கள் தேர்வு அறையில் தோற்றுப்போகக் கூடாது என்றுதான் உங்களிடம் வருகிறோம்.

தேர்வு விதிகள் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் கூப்பிட்டால் தேர்வு அலுவலர்களும் கல்லூரி முதல்வர்களும் வந்து உட்கார்வார்கள். மாணவி கேட்டால் காரணம் சொல்லச் சொல்லாமல், ஒரு பெண் ஊழியர் துணையோடு கழிப்பறைக்கு அனுப்ப வேண்டும், போய்வந்த நேரத்தைக் கடைசியில் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு தேர்வு மையத்திலும் நாப்கின் இருக்க வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் முடிவெடுத்துக் கொடுங்கள். மற்றதெல்லாம் தாமதமானாலும் இது ஏப்ரலுக்குள் நடக்க வேண்டும்.

அப்புறம், சுகாதாரத் துறைப் பெண் அலுவலர்களைக் கல்லூரிக் கழிப்பறைகளைப் பார்க்க அனுப்புங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் அனுப்புங்கள். சொன்னால் அன்று ஒரு நாள் மட்டும் பளபளப்பாக இருக்கும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பருவத்துக்கு ஒரு முறையாவது பெண் மருத்துவர் கல்லூரிக்கு வந்து, ஹீமோகுளோபின் பார்த்து, தேவையானவர்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை தரவும், மாதக்கணக்கில் தேதி தவறுகிறவர்களையும் தாங்க முடியாத வலி உள்ளவர்களையும் மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பவும் ஏற்பாடு வேண்டும். மனநல உதவிக்கு 14416 என்ற எண் இருப்பது எங்களில் பலருக்குத் தெரியவில்லை. அதை விடுதிச் சுவர்களில் எழுதி வைப்பதோடு, மாதம் ஒரு நாள் மனநல ஆலோசகர் ஒருவரும் நேரில் வந்தால் நல்லது.

வருகைப்பதிவு பற்றியும் ஒரு வார்த்தை. கேரளத்தில் 2023 ஜனவரியில் அரசுப் பல்கலைக்கழக மாணவிகளுக்கு, தேர்வு எழுதத் தேவையான 75 சதவீத வருகையை மாதவிடாயைக் கருதி 73 ஆக்கினார்கள். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்றால் எங்களுக்கு விடக்கூடியது 22 நாள். கடும் வலி உள்ள ஒருத்தி மாதம் இரண்டு நாள் வர முடியாமல் போனால் ஐந்து மாதத்தில் பத்து நாள் அதிலேயே போய்விடுகிறது. இங்கும் அந்தச் சலுகை கிடைக்க உயர்கல்வித் துறைக்கு உங்கள் பரிந்துரையை அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.

நவம்பரில் பாதிக்கப்பட்ட தோழியும் இன்று என்னோடு வந்திருக்கிறாள். பெண் அலுவலர் ஒருவர் தனியாகக் கேட்டால் நடந்ததைச் சொல்லத் தயாராக, வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விடுதி மாணவிகள்

இடம்: திருநெல்வேலி
நாள்: 03.02.2025

இணைப்பு: மாணவிகள் கையெழுத்திட்ட தாள்கள்