நீன்னு கூப்பிடலாமா

அடியே,

நாலு மாசமா உனக்கு பதில் போடல, திட்டணும்னா திட்டிக்கோ, வாங்கிக்கிறேன். அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. முட்டை போண்டா மறுபடி வேலைய விட்டுட்டாளாம், கேள்விப்பட்டியா?

சரி, விஷயத்துக்கு வரேன். தீசிஸ்ல இருக்குற தமிழ் சாப்டரை எடுத்துடச் சொல்லிட்டாங்கடி. ஸ்வீடிஷ் சினிமா, அதோட இங்கிலீஷ் சப்டைட்டில், இதுக்குள்ள தமிழ் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேள்வி. அங்க ஒண்ணும் பேச வரல, பஸ்ல வரும்போது பதில் மேல பதிலா வருது, அத்தனையும் உன்கிட்டதான் கொட்டப்போறேன்.

ஸ்வீடிஷ் டைரக்டர் பெர்க்மனோட வைல்ட் ஸ்ட்ராபெரீஸ், 1957ல வந்தது, ஹாஸ்டல்ல பாத்தோமே, நீ கூட பாதியில தூங்கிட்டியே, அதே படம்தான். நீ தூங்கினதுக்கப்புறம் கடைசியில ஒரு சீன் வரும். கிழவர் ஈசாக் போர்க் படுக்கையில இருக்காரு, வீட்ட பாத்துக்குற அக்தா அம்மா பக்கத்துல நிக்கிறாங்க, இத்தனை காலம் பழகிட்டோம், இனிமே ஒருத்தர ஒருத்தர் 'டு'ன்னு கூப்பிட்டுக்கலாமேன்னு அவரு கேக்குறாரு. டுன்னா நீ. அந்தம்மா ஒத்துக்கவே இல்ல, ஊர் என்ன பேசும்னு கேக்குறாங்க. ஆனா போகும்போது கதவை முழுசா சாத்தாம லேசா தொறந்து வச்சுட்டு, ஏதாவது வேணும்னா நான் எங்க இருப்பேன்னு தெரியுமில்லன்ற மாதிரி சொல்லிட்டுப் போறாங்க.

இத இங்கிலீஷ்ல எப்படிடி கொண்டு வருவ? அங்க எல்லாருமே யூ. சுத்தி வளைச்சுதான் சொல்லணும், சொன்னா அந்த கூச்சம் போயிடும். அந்த காலத்து ஸ்வீடன்ல பெரியவங்ககிட்ட 'நீ'யும் சொல்ல மாட்டாங்க, 'நீங்க'வும் பல பேருக்கு மரியாதைக் குறைவா படும், பட்டத்த வச்சுதான் பேசுவாங்க, 'புரொபசருக்கு காபி வேணுமா'ன்னு, அவரு எதிர்லயே உக்காந்திருப்பாரு. 'ஐயாவுக்கு காபி வேணுமா'ன்னு நம்ம ஊர்ல கேக்குறது தானே இது! 60கள் கடைசிக்கு மேலதான் அங்க எல்லாரும் எல்லாருக்கும் டுன்னு ஆச்சு. தமிழ் தெரிஞ்சவளுக்கு அந்த சீனுக்கு அடிக்குறிப்பே தேவையில்ல, இதத்தான் நான் 40 பக்கத்துல எழுதியிருக்கேன், இத எப்படி வெளிய எடுக்குறது?

தலைப்பையே எடுத்துக்கோயேன். ஸ்வீடிஷ்ல அது 'ஸ்முல்ட்ரோன்ஸ்டெல்லெட்', காட்டு ஸ்ட்ராபெரி மொளைக்கிற இடம், ஒருத்தரோட மனசுக்குப் பிடிச்ச ரகசிய இடம்னும் அர்த்தம். இங்கிலீஷ்ல பழம் மட்டும் மிச்சம், இடம் போச்சு.

1963ல வந்த வின்டர் லைட் இன்னும் வேற கதை. ஸ்வீடிஷ் தலைப்புக்கு திருவிருந்துக்கு வர்றவங்கன்னு அர்த்தம், சர்ச்சுல வந்து மண்டி போடுற அந்த நாலஞ்சு பேரு. இங்கிலீஷ்காரன் ஆளுங்கள விட்டுட்டு வெளிச்சத்த புடிச்சுக்கிட்டான். ஆனா அது தப்புன்னும் என்னால சொல்ல முடியலடி. பெர்க்மனும் கேமராமேன் ஸ்வென் நிக்விஸ்ட்டும் ஒரு சர்ச்சுல மணிக்கணக்கா உக்காந்து, மேகம் மூடின நாள்ல வெளிச்சம் எப்படி நகருதுன்னு பாத்துக்கிட்டே இருந்தாங்களாம், நிழலே விழாத அந்த சாம்பல் வெளிச்சத்த செட்டுக்குள்ள கொண்டு வர்றதுக்கு. படத்துல வர்ற பாதிரியார் மூஞ்சில அது அப்படியே உக்காந்திருக்கும், பாத்தா வயித்த பிசையும்.

இப்ப உன்கிட்ட ஒரு வேலை. பெர்க்மனோட 1961 படம் ஒண்ணு, நிக்விஸ்ட்டுதான் கேமரா, ஃபோரோ தீவுல எடுத்தது, ஸ்வீடிஷ் பேருக்கு 'கண்ணாடியில பாக்குற மாதிரி'ன்னு அர்த்தம். பைபிள்ல வர்ற கொரிந்தியர் வசனம். தமிழ்ல என்னன்னு தேடினேன்: 'இப்பொழுது கண்ணாடியிலே நிழலாட்டமாய்ப் பார்க்கிறோம், அப்பொழுது முகமுகமாய்ப் பார்ப்போம்.' ராத்திரி பூரா தூக்கம் வரலடி. நிழலாட்டம், முகமுகமாய். பெர்க்மன் வாழ்க்கை பூரா எடுத்ததே நிழலும் முகமும்தானே! இது உங்க பாளையங்கோட்டை ஆச்சி ஜெபத்துல சொல்ற வசனம், அப்ப காதுலயே வாங்கல நான்.

ஆச்சியோட பழைய பைபிள் உன்கிட்டதானே இருக்கு? முதல் கொரிந்தியர் 13, அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பு, அவங்க பென்சில் கோடு தெரியுற மாதிரி. புதன்கிழமைக்குள்ள வேணும். சாப்டரோட முதல் பக்கத்துல வச்சுதான் திரும்பக் கொண்டு போய் குடுக்கப்போறேன்.

உன்
குட்டச்சி