33 முதல் 40 வரை: சக பயணிகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்ற வாரம் எழும்பூரிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில், எஸ்-5 பெட்டியில், 33 முதல் 40 வரையிலான பெர்த்துகளில் வந்தவர்களுக்கு,

வணக்கம். நான் 34. நடு பெர்த். விடியும் முன்னால் உங்கள் செருப்புகளை எல்லாம் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து உதறிப் பார்த்தவன். எனக்குக் கீழே 33-ல் இருந்தது என் அத்தை. மற்றதெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும்.

நெல்லையில் இறங்குகிற அவசரத்தில் ஒழுங்காக மன்னிப்புக் கேட்க முடியவில்லை. 35-ல் வந்த ஐயாவிடம் கேட்க வழியே இல்லை, அவர் மதுரையிலேயே இறங்கிவிட்டார். ஐயா, நீங்கள் இறங்கிய பிறகு உங்களைப் பற்றி நாங்கள் என்னென்ன பேசினோம் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. அதோடு உங்கள் மஞ்சப்பை எங்களிடம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வினை என் வாயில் ஆரம்பித்தது. தாம்பரம் தாண்டியதும் பொழுது போகாமல் அத்தைக்கு அந்தச் சேலம் ரயில் கதையைச் சொன்னேன். 2016 ஆகஸ்டில் சேலத்திலிருந்து எழும்பூர் வந்த ரயிலில் ரிசர்வ் வங்கிக்குப் போக வேண்டிய 342 கோடி ரூபாய் பழைய நோட்டு. கூரையில் ஓட்டை போட்டு 5.78 கோடியை அள்ளிவிட்டார்கள். துப்புத் துலக்க நாசாவின் செயற்கைக்கோள் படங்கள் வரை போனதாகச் செய்தி வந்தது. எடுத்த மூன்றே மாதத்தில் ஐநூறு, ஆயிரம் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு வந்ததுதான் கதையில் எனக்குப் பிடித்த இடம். அத்தைக்கு நாசாவும் ஏறவில்லை, செல்லாத நோட்டும் ஏறவில்லை. ஓட்டை மட்டும் ஏறியது. 35-ல் படுத்திருந்த ஐயாவுக்கு மேலே கூரையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு தன் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்தக் காதில் இருந்தது அவளுடைய அம்மா போட்டிருந்த ஏழு கல் வைரத் தோடு. பாளையங்கோட்டையில் கல்யாணம். ஊர் சனம் முழுக்க அந்தத் தோட்டைப் பார்த்துத்தான் அவளை அடையாளம் சொல்லும். 'மூளிக் காதோட அந்த ஊர்ல நான் இறங்கினதே இல்ல' என்று அன்றே இரண்டு தடவை சொன்னாள். ஆனாலும் கூரையில் ஓட்டை விழுகிற காலத்தில் காதில் போட்டுக்கொண்டு எப்படித் தூங்குவது? கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து, சுருக்குப்பையில் போட்டு, இடுப்பில் செருகிக்கொள்வது என்று முடிவு. பத்து மணி ஆகிவிட்டது. நடு பெர்த்தைத் தூக்கிச் சங்கிலியில் மாட்டி நான் ஏறிவிட்டேன். விளக்கை அணைத்தது யார் என்று தெரியவில்லை, நான்தான் என்று நினைக்கிறேன். கீழே இருட்டில் அத்தை என்னவோ திறந்து மூடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. அப்படியே தூங்கிவிட்டேன்.

விருதுநகர் தாண்டியிருக்கும். 'எலே, தோட்டைக் காணல' என்று என் காலைப் பிடித்து இழுத்தாள்.

சுருக்குப்பை இடுப்பில் அப்படியே இருக்கிறது. உள்ளே கைக்குட்டை இருக்கிறது. அவள் போட்ட முடிச்சும் அவிழவில்லை. 'ராத்திரி பூரா தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், ரெண்டும் கையில தட்டுப்பட்டுச்சு' என்று சத்தியம் செய்கிறாள். முடிச்சை அவிழ்த்தால், உள்ளே இரண்டு பூந்திக்கொட்டை.

அதுவும் யாரோ கொண்டு வந்த பூந்திக்கொட்டை இல்லை, அத்தை வீட்டிலிருந்தே கொண்டு வந்தது. வைரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி மங்கினால் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் கழுவுவது எங்கள் வீட்டு வழக்கம். ராத்திரியே கொட்டையை வெந்நீரில் ஊறப் போட்டு, காலையில் தோட்டைக் கழுவிப் பளபளவென்று போட்டுக்கொண்டு இறங்குவது அவள் திட்டம். 'எம் பையில இருந்தே கொட்டையை எடுத்து எனக்கே முடிஞ்சு வச்சிருக்கான் பாரு!' என்றாள். பை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் செய்த வேலை. அப்படித் தெரிந்தவன் நான் ஒருவன்தான். முதல் சந்தேகம் என் மேல் விழுந்தது என்பதை மற்றவர்களின் ஆறுதலுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

36-ல் இருந்த ஓய்வுபெற்ற டீச்சரம்மா விசாரணையைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. அம்மா, உங்களுக்கு நன்றி. ஜன்னலோர மேஜையில் இருந்த எவர்சில்வர் சம்படத்தை 'ஊறப் போட்ட தண்ணி, தட்டி விட்றாதீங்க' என்று அத்தை அலற, நீங்கள் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே கேள்வி கேட்டீர்கள். அபாயச் சங்கிலியை இழுக்கப் போன என்னை அதட்டி உட்கார வைத்தீர்கள். உங்கள் கணவர் 37-ல் கடைசி வரை கண் திறக்கவில்லை. இத்தனை சத்தத்தில் ஒரு மனிதன் நிஜமாகத் தூங்க முடியுமா என்று அத்தை என்னிடம் கிசுகிசுத்ததை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

39-ல் கைக்குழந்தையோடு வந்த தங்கச்சி, குழந்தையின் துணிப்பையை நீங்களாகவே கொட்டிக் காட்டினீர்கள். அதற்கு மேல் எங்களுக்கு வெட்கப்பட இடமில்லை.

40, சைடு அப்பரில் நீல டிசர்ட் தம்பி. இரவு முழுக்க நீ தூங்கவில்லை, போன் வெளிச்சம் விழுந்துகொண்டே இருந்தது என்று மூன்று பேர் சாட்சி சொன்னார்கள். நீ இறங்கி வந்து, சட்டக் கல்லூரி மாணவன், செமஸ்டருக்குப் படித்துக்கொண்டிருந்தேன் என்றாய். அத்தை நம்பவில்லை. அப்புறம் நீ சங்கிலி இழுப்பதற்கு ரயில்வே சட்டம் 141-வது பிரிவில் ஓராண்டு சிறை அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம் வரை உண்டு என்று ஆரம்பித்து, வண்டியில் திருடினால் இப்போது பி.என்.எஸ்., அதாவது பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா, 305-வது பிரிவு, ஏழு ஆண்டு வரை உள்ளே என்று உனக்கு வரவேண்டிய தண்டனையை நீயே படித்துக் காட்டினாய். நஷ்டஈடு கிடைக்குமா என்று கேட்டேன். ஒரு துணி வியாபாரி இடுப்புப் பட்டியில் ஒரு லட்சம் ரூபாயைக் கட்டிக்கொண்டு ரயிலில் போய்ப் பறிகொடுத்ததையும், பயணியே தன் பொருளைக் காத்துக்கொள்ளாவிட்டால் அது ரயில்வேயின் சேவைக் குறைபாடு ஆகாது என்று 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சொன்னாய். 'இடுப்புல கட்டினவனுக்கே அந்தக் கதியா?' என்று அத்தை சுருக்குப்பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள், உள்ளே பூந்திக்கொட்டைதான் இருந்தது என்றாலும்.

ரயில்வே உதவி எண் 139-க்கு அழைத்ததும் நீதான். கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க்காரரும் போலீஸ்காரரும் ஒன்றாக ஏறினார்கள். புகார் கொடுக்க வண்டியை விட்டு இறங்க வேண்டாம், இங்கேயே எழுதிக் கொடுக்கலாம் என்று போலீஸ்காரர் பொறுமையாகத்தான் சொன்னார். யார் மேலாவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டார். அங்கேதான் ஐயா, 35-ஆம் எண்ணே, உங்கள் பெயர் அடிபட்டது. பெயர் தெரியாது, ஆனாலும் அடிபட்டது.

ஏறும்போது அத்தையின் டிரங்குப் பெட்டியைத் தூக்கி சீட்டுக்கு அடியில் தள்ளிக் கொடுத்தது நீங்கள். எடை பார்த்திருக்கிறார் என்றோம். விழுப்புரத்தில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டீர்கள். தூங்கிவிட்டாளா என்று நோட்டம் விட்டிருக்கிறார் என்றோம். மதுரையில் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிவிட்டார் என்றும் ஒரு குற்றச்சாட்டு. அதிகாலை நாலு மணிக்கு ஏழு பேரை எழுப்பிச் சொல்லிக்கொண்டா இறங்குவார்கள்? அப்போது யாருக்கும் இது தோன்றவில்லை. வந்தவர்களில் நீங்கள் ஒருவர்தான் அங்கே இல்லை, உங்களைச் சந்தேகப்பட்டால் யாருக்கும் மனக்கஷ்டமில்லை. விசாரிக்காமல் ஒருவனைத் திருடன் என்று சொன்னால் என்ன ஆகும் என்று மதுரைக்காரருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நல்லவேளை, 38-ல் இருந்தவர் விழித்துக்கொண்டார். என்ன தொழில் என்று டீச்சரம்மா கேட்டார். நகைப் பட்டறை என்றார். பெட்டியில் ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. நகை தொலைந்த இடத்தில் பொன் வேலைக்காரர், அதுவும் மதுரையிலிருந்து கொஞ்ச தூரம் தள்ளி! போலீஸ்காரர்கூடப் பேனாவை மூடிவிட்டார்.

அவர் எதையும் கண்டுகொள்ளவில்லை. தோட்டில் ஹால்மார்க் எண் உண்டா என்றார். அது எங்க அம்மா காலத்து நகை என்றாள் அத்தை. அந்த ஆறு எழுத்து எண் கட்டாயமானது 2023 ஏப்ரலில்தான், பாட்டிக்கு அது எங்கே தெரியும்? சரி, பின்பக்கம் மூடிய தோடா, திறந்த தோடா என்று கேட்டார். திறந்தது என்றாள். 'நல்லதா போச்சு. மூடினதா இருந்தா உள்ள தண்ணி இறங்கி கல்லு மங்கிரும்' என்றார். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

'எத்தனை பூந்திக்கொட்டை கொண்டு வந்தீங்க அம்மா?'

'நாலு.'

'பையில எத்தனை இருக்கு?'

பார்த்தோம். இரண்டு.

'முடிச்சுல ரெண்டு. ஆக நாலும் வந்துருச்சு. அப்போ ராத்திரி நீங்க ஊறப் போட்டது எதை?'

டீச்சரம்மா, அந்த நேரத்தில் உங்கள் முகத்தை நான் மறக்கமாட்டேன். கோவில்பட்டி வரைக்கும் திருடனை விசாரித்த கை அது. சம்படத்தின் மூடியை நீங்களே திறந்தீர்கள். வெந்நீர் ஆறிப்போய், அடியில் பதினாலு கல்லும் உங்களைப் பார்த்துக் கண் சிமிட்டியது. இருட்டில் கொட்டை முடிச்சுக்குப் போய், தோடு தண்ணீருக்குப் போயிருக்கிறது.

போலீஸ்காரர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டுக்கு ஒரு தனி மடல் எழுதலாம். எழுதிய தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். பட்டறைக்காரர் முடிச்சிலிருந்த கொட்டையை உடைத்து, நுரை வரத் தேய்த்து, என் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தோட்டைத் துலக்கிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. ஒரு எள்ளுருண்டை மட்டும் எடுத்துக்கொண்டார். பிரஷ்ஷைத் திருப்பிக் கொடுத்தார், நான் வாங்கிக்கொள்ளவில்லை.

இனி அந்த மஞ்சப்பை. கல்யாண வீட்டில் மூட்டை பிரித்தபோது அதுவும் எங்கள் சாமான்களோடு வெளியே வந்தது. சீட்டுக்கு அடியில் தேடும்போது கையில் கிடைத்ததை எல்லாம் நான் எங்கள் பையில் திணித்திருக்கிறேன். அது எங்களில் யாருடையதும் இல்லை, 35-ஆம் எண் ஐயாவுடையதாகத்தான் இருக்க வேண்டும். உங்களைத் திருடன் என்று எழுதிக் கொடுக்க இருந்த நேரத்தில் உங்கள் பொருள் எங்கள் மூட்டையில் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று இங்கே எழுதவில்லை. நீங்கள் வந்து சொன்னால் போதும்.

ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடலாம் என்றேன். தன் கையால்தான் கொடுப்பேன் என்று அத்தை ஒற்றைக் காலில் நிற்கிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமை இரவு இதே வண்டியில் நெல்லையிலிருந்து திரும்புகிறோம். எஸ்-5 கிடைக்கவில்லை, எஸ்-8. மதுரையில் வண்டி நிற்கும்போது ஜன்னலோரம் மஞ்சப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காதில் தோடு போட்டிருப்பாள், அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
34, நடு பெர்த்