ஆற்றின் கீழ்ப்பக்கத்து அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

குடிநீர் வழங்கல் பொறியாளர், தீயணைப்பு நிலைய அலுவலர், சுகாதார அலுவலர், உள்ளாட்சித் தலைவர் ஆகியோருக்கு வணக்கம்.

உங்கள் ஊருக்கு மேலே, பல கிலோமீட்டர் தள்ளி, கச்சா எண்ணெய்க் குழாய் ஒன்று ஆற்றைக் கடப்பதாகத் திட்டம். அதற்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தொடங்குகிறது. குழாய் உங்கள் எல்லைக்குள் ஓர் அடிகூட வராது. ஆகவே அறிவிக்கை உங்கள் மேசைக்கு வராமலே போகலாம். வந்தாலும் "நமக்குச் சம்பந்தமில்லை" என்று கோப்பில் போய்ச் சேர்ந்துவிடும். அதற்காகத்தான் இந்த மடல். ஆற்றின் பெயரை எழுதவில்லை. எண்ணெய்க் குழாய் கடக்கும் எந்த ஆற்றுக்கும் இது பொருந்தும்.

"எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது" என்று உங்களில் யாராவது நினைக்கலாம். நிலம் கொடுக்கிறவர் பேசட்டும், குழாய் போடுகிற நிறுவனம் பேசட்டும், நாம் ஏன் நடுவில்? நியாயமான கேள்விதான். ஆனால் குழாய் உடைந்தால் முதல் தொலைபேசி அழைப்பு நிறுவனத்துக்குப் போகாது, உங்களுக்குத்தான் வரும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மார்ஷல் என்ற சிறு ஊர். 2010 ஜூலை 25, ஞாயிறு மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பு அங்கே என்பிரிட்ஜ் நிறுவனத்தின் 6பி குழாய் இரண்டு மீட்டர் நீளத்துக்குக் கிழிந்தது. கண்ட்ரோல் ரூமில் அலாரம் அடித்தது. அங்கே இருந்தவர்கள் அதைக் கசிவு என்று எடுத்துக்கொள்ளவில்லை. குழாய்க்குள் எண்ணெய்த் தொடர் அறுந்து நடுவில் ஆவி நின்றிருக்கும் என்று நினைத்தார்கள். அப்படியானால் வழி, இன்னும் வேகமாகப் பம்ப் செய்வது. இரண்டு முறை பம்பை மறுபடி ஓட்டினார்கள். வெளியே கொட்டிய எண்ணெயில் 81 சதவீதம் இந்த இரண்டு முறையில்தான் கொட்டியது. உடைந்ததைக் கண்டுபிடிக்க 17 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவும் அவர்களாகக் கண்டுபிடிக்கவில்லை. வேறொரு எரிவாயு நிறுவனத்தின் ஊழியர் ஓடையில் எண்ணெயைப் பார்த்துத் தகவல் சொன்னார்.

இதில் உங்களுக்கான பகுதி அன்று இரவு நடந்தது. ஒன்பதரை மணிக்குச் சற்று முன்பே பொதுமக்கள் அவசர எண்ணுக்கு அழைத்து, மூக்கைத் துளைக்கும் நாற்றம் என்று சொல்லிவிட்டார்கள். தீயணைப்பு வீரர்கள் உடனே போனார்கள். எரிவாயுக் கசிவு என்று நினைத்து அந்தச் சுற்றுவட்டாரத்தில் தேடினார்கள், ஒன்றும் அகப்படாமல் திரும்பினார்கள். அதன்பின் அழைத்தவர்களிடம் "ஏற்கெனவே ஆள் போய்ப் பார்த்தாகிவிட்டது" என்று சொல்லப்பட்டது. யாரும் அசட்டையாக இருக்கவில்லை. தங்கள் பகுதியில் கச்சா எண்ணெய்க் குழாய் போகிறது, இந்த நாற்றம் வந்தால் இந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்பது அந்த நேரத்தில் அவர்களுக்குத் தோன்றும்படி யாரும் அவர்களைத் தயார்ப்படுத்தியிருக்கவில்லை. அந்த இரவு முழுக்க எண்ணெய் டால்மட்ஜ் ஓடை வழியாகக் கலமசூ ஆற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. மொத்தம் சுமார் 32 லட்சம் லிட்டர்.

அந்த எண்ணெயும் சாதாரண எண்ணெய் அல்ல. கனடாவின் மணற்படுகைகளிலிருந்து எடுத்த தாரைப் போன்ற பிட்டுமன், ஓடுவதற்காக மெல்லிய ஹைட்ரோகார்பன் கலந்து அனுப்பப்பட்டது. ஆற்றில் கொட்டியதும் மெல்லிய பங்கு, பென்சீன் என்ற நச்சுப்பொருளும் சேர்த்து, ஆவியாகிக் காற்றில் கலந்தது. மிச்சம் இருந்த கெட்டிப் பங்கில் ஒரு பகுதி வண்டலோடு சேர்ந்து அடியில் போய்ப் படிந்தது. எண்ணெய் மிதக்கும் என்று நம்பி வாங்கி வைக்கிற மிதவைத் தடுப்புகள் ஆற்றடியில் படிந்ததை என்ன செய்யும்? ஆற்றின் 35 மைல்களுக்கு மேல் இரண்டு வருடம் வரை மூடப்பட்டிருந்தது. அடிவண்டலைத் தோண்டும் வேலை 2014 வரை நீண்டது.

ஒரு விஷயம் சொல்லாமல் விட முடியவில்லை. பத்து நிமிடத்துக்குள் காரணம் தெரியாவிட்டால் குழாயை நிறுத்திவிட வேண்டும் என்று அந்த நிறுவனத்துக்கே ஒரு விதி இருந்தது. 1991இல் மின்னசோட்டாவில் நடந்த பெரிய கசிவுக்குப் பிறகு வந்த விதி அது. 2010இல் அந்த விதி காகிதத்தில் இருந்தது, எண்ணெய் ஆற்றில் இருந்தது. ஆகவே, உங்களிடம் வரும் மதிப்பீட்டு அறிக்கையில் "கசிவு கண்டறியப்பட்டதும் சில நிமிடங்களில் வால்வுகள் மூடப்படும்" என்ற வரியைப் படித்தால், 'கண்டறியப்பட்டதும்' என்ற சொல்லின் அடியில் ஒரு கோடு போடுங்கள். எவ்வளவு நேரத்தில் கண்டறியப்படும் என்று எழுதிக் கேளுங்கள்.

கணக்கு பெரிய வித்தை இல்லை. தினம் 5 லட்சம் பீப்பாய் ஓடும் குழாயில், ஓட்டத்தின் ஒரு சதவீதத்துக்குக் குறைவான கசிவைக் கணினி பிடிக்காது என்று வையுங்கள். ஒரு சதவீதம் என்றால் 5,000 பீப்பாய், அதாவது சுமார் 8 லட்சம் லிட்டர், ஒரே நாளில். ஊசித்துளை போன்ற கசிவுதான் பூமிக்கடியில் வாரக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் நிலத்தடி நீரில் இறங்கும். இன்னொன்று: 30 அங்குலக் குழாயில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் நாலரை லட்சம் லிட்டர் நிற்கும். வால்வை மூடியாயிற்று என்பதால் கசிவு நின்றுவிடாது. இரண்டு வால்வுகளுக்கு நடுவில், உடைப்பைவிட மேட்டில் இருக்கும் எண்ணெய் முழுக்கப் பள்ளத்தை நோக்கி வடியும். பள்ளத்தில்தானே ஆறு இருக்கிறது. எனவே வால்வுகள் எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று, ஆற்றின் இரு கரையிலும் உண்டா, ஆள் போய்த் திருக வேண்டியதா, தொலைவிலிருந்தே மூடக்கூடியதா என்பதையும் கேளுங்கள்.

சரி, இதையெல்லாம் எப்போது கேட்பது? பெரும்பாலானோர் வரைவு அறிக்கை வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். அதற்குள் பாதி முடிவு எடுத்தாகிவிடும். எதை ஆராய்வது, எதை விடுவது என்று ஆய்வின் எல்லையை வரையும் கட்டம் ஒன்று முன்னாலேயே வரும். வறண்ட பேச்சாக இருக்கும், கூட்டத்துக்கு ஆள் வராது. ஆனால் அங்கே விட்டுப்போனது அப்புறம் முடிவெடுக்கும்போது கணக்கில் வராது. கனடாவின் டிரான்ஸ் மவுண்டன் குழாய் விரிவாக்கத்தில் இதுதான் நடந்தது. குழாய் கடற்கரையில் முடிகிறது, அங்கிருந்து கப்பல்கள் எண்ணெயை ஏற்றிக்கொண்டு போகும். கப்பல் போக்குவரத்து திட்டத்தின் பகுதி அல்ல என்று எல்லை வரைந்தார்கள். அழிவின் விளிம்பில் இருக்கும் ஓர்க்கா திமிங்கிலங்கள் வாழும் கடல் அது. 2018 ஆகஸ்ட் 30 அன்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த விடுபாட்டையும் பழங்குடிகளோடு ஒழுங்காகக் கலந்தாலோசிக்காததையும் காரணம் காட்டி ஒப்புதலை ரத்து செய்தது. அடுத்த வருடம் மறு ஆய்வு செய்து அரசு மறுபடி ஒப்புதல் கொடுத்துவிட்டது என்பது வேறு கதை. திமிங்கிலங்களுக்குக் கணிசமான பாதிப்பு உண்டு என்பதை மறு ஆய்வு திட்டத்தின் பாதிப்பாகவே எழுத வேண்டியதாயிற்று. முதல் தடவையே அப்படி எழுதியிருக்கலாம்.

உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமானது அமெரிக்காவின் டகோட்டா ஆக்சஸ் குழாய். பிஸ்மார்க் நகருக்கு வடக்கே போவதாக யோசித்த பாதை ஒன்று கைவிடப்பட்டது. நகரத்தின் குடிநீர்க் கிணறுகளுக்குப் பக்கத்தில் வருகிறது என்பது அதற்கான காரணங்களில் ஒன்று. தேர்ந்தெடுத்த பாதை ஸ்டாண்டிங் ராக் சியூ பழங்குடிகளின் எல்லைக்கு வெளியே, ஆனால் அரை மைல் அளவு மேலே, மிசூரி ஆற்றுத் தண்ணீர் தேங்கி நிற்கும் ஓஹே ஏரியின் அடியில் போகிறது. அவர்கள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். வரைபடத்தில் பார்த்தால் குழாய் அவர்கள் நிலத்தைத் தொடவே இல்லை! 2016இல் சுருக்கமான மதிப்பீட்டோடு வேலையை முடித்துக்கொண்டார்கள். 2017இல் எண்ணெய் ஓடத் தொடங்கியது. முழுமையான தாக்க அறிக்கை வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது 2020 மார்ச்சில். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

மதிப்பீடு என்றாலே திட்டத்தை முடக்கும் தந்திரம் என்று நினைக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. அலாஸ்காவின் பெரிய குழாயை முதலில் பெரும்பாலும் மண்ணுக்குள் புதைக்கத்தான் திட்டமிட்டார்கள். சூடான எண்ணெய் ஓடும் குழாயை உறைநிலத்தில் புதைத்தால் பனி உருகி நிலமே கொளகொளத்துப் போகும் என்று புவியியலாளர்கள் சொன்னார்கள். 1970இல் அரசு எழுதிய எட்டுப் பக்க அறிக்கை நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 1972இல் வந்த அறிக்கை ஒன்பது தொகுதிகள். இடைப்பட்ட நாட்களில் வடிவமைப்பு மாறி, 1,287 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் தூண்களின் மேல் ஏறியது. டெனாலி என்ற புவிப்பிளவைக் கடக்கும் இடத்தில் குழாய் நகர்ந்துகொடுக்கும்படி சறுக்குச் சட்டங்கள் வைத்தார்கள். 2002 நவம்பர் 3 அன்று அங்கே 7.9 அளவில் நிலநடுக்கம் வந்தது. குழாயடியில் நிலம் நாலு மீட்டருக்கு மேல் விலகியது. தாங்கிகள் சில சேதமாயின, எண்ணெய் ஒரு சொட்டும் சிந்தவில்லை. தாமதத்தால் வந்த செலவைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அந்த நிலநடுக்க நாளில் மிச்சமானதை யாராவது கணக்கில் சேர்த்தார்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

அறிவிக்கை உங்களுக்கு வர வேண்டியது தயவல்ல. எல்லை தாண்டிய பாதிப்புகளை மதிப்பிடுவதற்காக நாடுகள் செய்துகொண்ட 1991ஆம் ஆண்டு எஸ்போ ஒப்பந்தம், பெரிய விட்டமுள்ள எண்ணெய்க் குழாய்களைப் பெயர் சொல்லியே பட்டியலில் வைத்திருக்கிறது. அதில் சேர்ந்த நாடு, பக்கத்து நாட்டைப் பாதிக்கக்கூடிய திட்டத்தைத் தன் மக்களுக்குச் சொல்லும் நேரத்துக்குப் பிந்தாமல் அந்த நாட்டுக்கும் சொல்லியாக வேண்டும். நாட்டெல்லை தாண்டிச் சொல்ல வேண்டும் என்று ஒப்புக்கொண்ட பிறகு, ஒரே நாட்டில் அடுத்த ஊருக்குச் சொல்ல என்ன தயக்கம்?

இனி உங்களிடம் கேட்பது. திட்டத்தை ஆதரியுங்கள் என்றோ எதிருங்கள் என்றோ கேட்கவில்லை. மதிப்பீட்டை நடத்தும் துறைக்கு, ஆய்வின் எல்லையை வரையும் கட்டத்திலேயே, உங்கள் அலுவலக முத்திரையோடு ஒரு கடிதம் எழுதுங்கள். குடிநீர்ப் பொறியாளர், தண்ணீர் எடுக்கும் இடத்தைக் குறித்துக் கொடுத்து, வெள்ளக்காலத்திலும் கோடையிலும் எண்ணெய் அங்கே வந்துசேர எத்தனை மணி நேரமாகும் என்று கணக்கிட்டுத் தரச் சொல்லலாம். அந்த நேரத்துக்குள் மோட்டாரை நிறுத்தி மாற்று நீர் கொடுக்க முடியுமா என்பது அவருக்கே தெரியும். சுகாதார அலுவலர் எண்ணெயின் வகையையும் அதில் என்ன கலக்கப்படும் என்பதையும் எழுத்தில் கேட்க வேண்டும். 'கச்சா எண்ணெய்' என்று பொதுவாகச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஆற்றடியில் துளைபோடும்போது களிமண் குழம்பு பிதுங்கி ஆற்றில் கலக்க வாய்ப்புண்டு. குழாயைச் சோதிக்க லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீரை எங்கே எடுத்து எங்கே விடுவார்கள் என்பதும் பலர் கேட்க மறக்கும் கேள்வி.

தீயணைப்பு அலுவலருக்குத் தனியாக ஒன்று. அவசரகாலத் திட்டத்தை மதிப்பீட்டோடு சேர்த்தே வெளியிடச் சொல்லுங்கள், அனுமதி கிடைத்த பிறகு தருகிறோம் என்பதை ஏற்காதீர்கள். குழாயை நிறுத்தும் அதிகாரம் உள்ளவர் எடுக்கும் தொலைபேசி எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு அழைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
கீழ்ப்பக்கத்தில் தண்ணீர் குடிக்கும் ஒருவர்