மூன்றாவது மெழுகுவத்தி

அன்பு மகளுக்கு,

போன வாரம் போனில் நீ சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. "எவ்வளவு நாள்தான் மன்றாடுவது? கேட்க ஆள் இருக்கிற மாதிரியே தெரியலம்மா" என்றாய். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். போனை வைத்த பிறகுதான், உன் சின்ன வயதிலும் இப்படி ஒரு கேள்விக்குப் பாதிப் பதில் சொன்னது நினைவுக்கு வந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக்காலத்தில், வாரத்துக்கு ஒன்றாக ஏற்றும் மெழுகுவத்தி வளையத்தில் மூன்று ஊதா, ஒன்று மட்டும் ஏன் இளஞ்சிவப்பு என்று கேட்டாய். "மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு, அதான்" என்றேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

இந்த நான்கு வாரமும் கிறிஸ்துமஸுக்கு நாள் எண்ணத்தான் என்று நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். ஆனால் டிசம்பர் 17 வந்த பிறகுதான் வாசகங்கள் பெத்லகேம் பக்கம் திரும்புகின்றன. அதுவரை பெரும்பாலும் ஆண்டவரின் இரண்டாம் வருகையும், விழித்திருங்கள் என்ற எச்சரிக்கையும், பாலைவனத்தில் திருமுழுக்கு யோவானின் குரலும்தான். இன்னும் வராத ஒருவருக்காகக் காத்திருக்கும் காலம் இது. ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதம்கூடப் பாடுவதில்லை. தூதர்கள் பிறப்பின் இரவில் பாடியதை அந்த இரவுக்கென்றே எடுத்துவைக்கிறோம்.

இப்போது மூன்றாம் ஞாயிறு. அதற்குப் பெயர் கொடுத்தது, "ஆண்டவருக்குள் மகிழுங்கள்" என்று திருத்தூதர் பவுல் பிலிப்பியருக்கு எழுதிய வரி. எங்கிருந்து எழுதினார் தெரியுமா? சிறையிலிருந்து, விலங்கோடு. மத்தேயு எழுதிய நற்செய்தியை வாசிக்கும் ஆண்டில் அன்றைய வாசகமும் ஒரு சிறையில்தான் தொடங்குகிறது. இயேசுவை உலகுக்குச் சுட்டிக்காட்டிய அதே யோவான், உள்ளேயிருந்து ஆள் அனுப்பிக் கேட்கிறார்: "வரவேண்டியவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா?"

உன் கேள்விதானம்மா அது.

இயேசு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பார்வையற்றோர் பார்க்கிறார்கள், கால் ஊனமுற்றோர் நடக்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி போய்ச் சேருகிறது, கண்டதைப் போய்ச் சொல்லுங்கள் என்றார். இவையெல்லாம் எசாயா இறைவாக்கினர் முன்பே சொன்னவை; கட்டுண்டோருக்கு விடுதலை என்றும் அவர் சொல்லியிருந்தார். அது மட்டும் அந்தப் பதிலில் இல்லை. யோவான் வெளியே வரவுமில்லை, உள்ளேயே கொல்லப்பட்டார். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும். ஆனால் வந்தவர்கள் திரும்பிப் போனதும் இயேசு கூட்டத்தைப் பார்த்து என்ன சொன்னார்? பெண்களிடம் பிறந்தவர்களுள் யோவானைவிடப் பெரியவர் யாருமில்லை என்றார். சந்தேகித்தவனை நினைத்து அவர் முகம் சுளிக்கவில்லை.

இரண்டு கைதிகளின் குரல் ஒலிக்கும் ஞாயிறுக்குத்தான் மகிழ்ச்சி என்று பெயர். அதனால் அழுகை நின்ற பிறகுதான் கோவிலுக்குப் போகவேண்டும் என்று நினைக்காதே. ஜெபிக்க வார்த்தை வரவில்லையென்றால் யோவானின் கேள்வியையே அவரிடம் கேள். இந்த ஞாயிறு மாலை நானும் மூன்றாவது திரியை ஏற்றிவிட்டு, உனக்காக அதையே கேட்பேன். அப்புறம் கூப்பிடுகிறேன், போனை எடு.

அன்புடன்,
அம்மா