கோயில் வாசலைத் தாண்டி ஒரு மணி நேரம்

அன்புள்ள பங்குத்தந்தைக்கும், பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும், அன்பியப் பொறுப்பாளர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

போன மாதப் பேரவைக் கூட்டத்தில் எங்கள் அன்பியத்தின் (பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடும் செபக் குழு) கோரிக்கை இரண்டே நிமிடத்தில் முடிந்துபோனது. மாதா மாதம் முதல் வெள்ளி மாலை 5 மணியிலிருந்து 6 மணி வரை, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள மரத்தடியில் உலக அமைதிக்காகச் செபித்தபடி நிற்க அனுமதி கேட்டிருந்தோம். கோஷம் கிடையாது, மைக் கிடையாது, பேனர்கூடக் கிடையாது. "செபம்தானே, கோயிலுக்குள்ளேயே செய்யலாமே. ரோட்டுக்கு வந்தால் அரசியல் ஆகிவிடும். நம் ஆட்களில் பாதிப் பேர் பேக்டரியிலும் ராணுவத்திலும் இருக்கிறார்கள்" என்று பதில் வந்தது. சொன்னவர் யார் என்பது முக்கியமில்லை, நிறையப் பேர் தலையாட்டினார்கள். அன்று எனக்குப் பேச்சு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன், பங்கு மக்கள் எல்லாரும் படிக்கும்படியாக.

பேக்டரியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை நூறு வருடத்துக்கும் மேலாக இந்த நீலகிரி மலையில் இருக்கிறது. என் கணவர் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இருவரும் அந்தச் சம்பளத்தில்தான் படித்தார்கள். அந்தச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, அங்கே வேலை செய்கிறவர்கள் மீது பழி போட நான் ரோட்டுக்கு வருவேனா? ராத்திரி டிவியில் இடிந்த வீடுகளையும், கற்களுக்கு நடுவே பிள்ளைகளைத் தேடும் தாய்மாரையும் காட்டும்போது அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார். அரை மணி நேரம் கழித்துத்தான் உள்ளே வருவார். எங்கள் கோரிக்கையில் முதல் கையெழுத்து அவருடையது. அதைப் பேரவையில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ராணுவத்துக்கு எதிராகப் போய்விடும் என்றும் சொன்னார்கள். 2021 டிசம்பர் 8, அமல உற்பவ மாதா திருவிழா. அன்று நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்து முப்படைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் உயிரிழந்தார்கள். எரிகிற இடத்துக்கு முதலில் ஓடியவர்கள் அங்குள்ள சாதாரண ஜனங்கள்தான். குடத்தில் தண்ணீர் கொண்டு போனார்கள், வீட்டில் போர்த்திக்கொள்ளும் கம்பளியை எடுத்துப்போய்க் கொடுத்தார்கள். அந்தக் கம்பளி கொடுத்த மனசோடுதான் மரத்தடியில் நிற்கப்போகிறோம். சாகிறவன் எந்தச் சீருடையில் இருந்தாலும் ஒரு வீட்டின் பிள்ளை. சிப்பாயின் மனைவியும் அங்கே வந்து நிற்கலாம், அவள் செபத்தில்தான் பாரம் அதிகம்.

அரசியல் என்ற சொல்லுக்கு வருகிறேன். பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதையை ரோட்டில்தானே நடத்துகிறோம்? திருவிழாத் தேர் மைக் செட்டும் வாணவேடிக்கையுமாக பஜாரைச் சுற்றி வருகிறதே, அதற்குக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குகிறோமே? அப்போது வராத அரசியல், இருபது பேர் மெழுகுவர்த்தியோடு அமைதியாக நின்றால் மட்டும் எப்படி வந்துவிடும்? "இடிந்தகரையில் பட்டது போதாதா" என்று ஒருவர் மெல்லிய குரலில் கேட்டார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. 2011இல் லூர்து மாதா கோயில் முன் பந்தல் போட்டு உட்கார்ந்த அந்தப் பெண்கள் மேல் எத்தனை வழக்குகள். ஆனால் அவர்கள் கூடங்குளம் அணு உலையை மூடு என்று அரசிடம் கேட்டார்கள். நாங்கள் இந்த ஒரு மணி நேரத்தில் கேட்கப்போவது கடவுளிடம். அப்புறம், கேட்கிற எங்களிடமே.

கோயிலுக்குள் மட்டும் செபித்தால் போதாதா என்பதற்கு நாகசாகியைச் சொல்வேன். 1945 ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டு வெடித்தது உராகாமி பேராலயத்துக்குப் பக்கத்தில், ஜப்பானிலேயே கத்தோலிக்கர் நெருங்கி வாழ்ந்த பகுதியில். மாதாவின் விண்ணேற்பு விழாவுக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தவர்களும், அதைக் கேட்டுக்கொண்டிருந்த குருக்களும் உள்ளேயே மாண்டார்கள். நம் கோயிலிலும் ஆகஸ்டு 15க்கு முன்னால் அதே வரிசைதான் நிற்கிறது. குண்டு போட்ட விமானத்தை ஓட்டிய சார்லஸ் ஸ்வீனியும் கத்தோலிக்கர். அந்தப் படைப்பிரிவுக்கு ஆன்ம குருவாக இருந்தவர் ஜார்ஜ் சபெல்கா. தினமும் பூசை வைத்தார், வீரர்களுக்காகச் செபித்தார். ஊர் ஜனங்கள் மீது குண்டு போடுவது தவறு என்று மட்டும் அவர் சொல்லவில்லை. பல வருடம் கழித்து, அன்று வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் தன் பாவம் என்று வெளிப்படையாக அறிக்கையிட்டார். வயதான காலத்தில் பெத்லகேம் நோக்கிய அமைதி நடைப்பயணத்திலும் கலந்துகொண்டார். அந்தக் குருவிடம் செபத்துக்குக் குறைவே இருக்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இனி என் சொந்தக் கதை. இலங்கைத் தோட்டங்களில் இருந்த தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்தவர்கள் நாங்கள். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை கிடைத்து இந்த மலைக்கு வந்தோம். பெரியம்மா குடும்பம் இலங்கையில், பதுளையிலேயே நின்றுவிட்டது. 1983 ஜூலையில் கலவரச் செய்தியை ரேடியோவில் கேட்டதிலிருந்து அம்மா சாப்பிடவில்லை. அன்று சாயங்காலம் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) முற்றத்தில், குழாயடிக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு, மாதா படத்தை வைத்து செபமாலை சொல்லத் தொடங்கினார். வீட்டுக்குள் உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிறது என்றார். முதல் நாள் நாங்கள் மூன்று பேர். மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அவருக்கு அருள் நிறை மரியே செபம் தெரியாது. தன் வீட்டில் முருகன் படத்துக்கு முன்னால் இருந்த விளக்கை எடுத்து வந்து மாதா பக்கத்தில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய தம்பி கண்டியில் இருந்தார். ஒரு வாரத்தில் அந்தப் பலகையில் ஏழு விளக்குகள் இருந்தன, ஒன்று தகர மண்ணெண்ணெய் விளக்கு. காற்றடித்தால் அதுதான் கடைசியாக அணையும். பெரியம்மாவின் கடிதம் வர மூன்று மாதம் ஆனது. அதுவரை ஒரு நாள் விடாமல் அந்த முற்றம் கூடியது. கோயிலில் கூடியிருந்தால் அந்த அக்கா வந்திருக்க மாட்டார்.

நான் மரத்தடியைக் கேட்பதற்குக் காரணம் இவ்வளவுதான். பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் பாயிடம் சொன்னேன், "நானும் வந்து நிற்கிறேன் அக்கா" என்றார். கேரட் விற்கும் படுகர் அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆராதனைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால் இருவரும் தயங்குவார்கள்.

திருச்சபை நம்மிடம் கேட்காததையும் நாங்கள் கேட்கவில்லை. ஜனவரி 1ஐ அமைதி நாளாக வைக்கச் சொன்னவர் திருத்தந்தை ஆறாம் பவுல், 1968இலிருந்து நடக்கிறது. பாக்ஸ் கிறிஸ்டி என்ற அமைதி இயக்கம் 1945இல் பிரான்சில் பிறந்தது ஒரு ஆசிரியையின் செபத்திலிருந்து. தங்கள் நாட்டைச் சிதைத்த ஜெர்மானியருக்காக அவர் செபிக்கத் தொடங்கினார். திருத்தந்தை 14ஆம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்ட அன்று பேசிய முதல் சொல்லே அமைதிதான். 2025 ஆகஸ்ட் 22 அன்று அவர் நோன்பும் செபமும் கேட்டபோது நம் கோயிலில் கூடியவர்கள் பதினோரு பேர். எண்ணிப் பார்த்தேன், அதில் நானும் என் கணவரும் சேர்த்தி.

வாள்களைக் கலப்பைக் கொழுக்களாகவும் ஈட்டிகளைக் கருக்கரிவாள்களாகவும் அடிப்பார்கள் என்று எசாயா சொல்கிறார். கருக்கரிவாள் என்று வாசிக்கும்போது எனக்கு அம்மாவின் வீட்டுக் கூரையில் செருகியிருக்கும், தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்திதான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் 1980இல் போரை எதிர்த்த கத்தோலிக்கர்களான பெரிகன் சகோதரர்களும் இன்னும் ஆறு பேரும் இந்த வசனத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, ஏவுகணையின் முனைக்கூம்பைச் சுத்தியலால் அடித்துச் சிறைக்குப் போனார்கள். அவ்வளவு தூரம் உங்களை நான் கூப்பிடவில்லை.

நடைமுறை விஷயங்களையும் யோசித்துவிட்டோம். ஆறு மணிக்கு மேல் நிற்க மாட்டோம், இருட்டினால் எஸ்டேட் ரோட்டில் காட்டெருமை இறங்கிவிடும், கரடி பயம் வேறு. பெண்கள் வெளிச்சத்திலேயே வீடு சேர வேண்டும், மினி பஸ்ஸும் அப்போதுதான். மெழுகுவர்த்திக்குப் பிளாஸ்டிக் கப் கூடாது, நம் மாவட்டத்தில் தடை. கொட்டாங்குச்சியில் நட்டால் காற்றுக்கும் தாங்கும், கையிலும் மெழுகு ஒழுகாது. பஸ் ஏறுகிறவர்களுக்கு வழிவிட்டு, செபமாலையில் பத்து மணிகள் மட்டும், பிறகு மௌனம், நடுவில் அந்த மாதம் போர் நடக்கும் நாடுகளின் பெயர்கள், அவ்வளவே. மழை என்றால் நிழற்குடைக்குள் நிற்போம்.

காவல் நிலையத்துக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை எழுதி வைத்திருக்கிறேன். பங்குத்தந்தையின் கையெழுத்தும் பேரவைச் செயலரின் கையெழுத்தும் மட்டும் பாக்கி. வரும் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கெபி என்கிற குகைக் கோயில் பக்கத்தில் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தாய்