தமிழ்நாட்டு இழுவைப்படகு (ரோலர்) பற்றி வேட்பாளர்களிடம் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2024 செப்டெம்பர் 21 தேர்தலில் நிற்கும் ஜனாதிபதி வேட்பாளர்களின் வெளிநாட்டுக் கொள்கையை ஒப்பிட்டு ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். டெல்லியோடு யார் நெருக்கம், பீஜிங்கோடு யார் நெருக்கம் என்பதை விளக்கமாக எழுதியிருந்தீர்கள். ஆனால் மன்னார்த் தீவில் இருந்து வாசிக்கிற எங்களுக்கு இது தூரத்து விடயம் இல்லை.

ரணில் விக்கிரமசிங்க சொல்லும், இந்தியாவோடு இணைக்கும் தரைப்பாலம் வந்தால் தலைமன்னாரில்தான் வந்து இறங்கும். அநுர குமார திசாநாயக்க ரத்துச் செய்வேன் என்கிற அதானி காற்றாலைத் திட்டத்தில் 250 மெகாவாற் எங்கள் தீவுக்குரியது. ஏற்கெனவே 30 காற்றாலைகள் இங்கே நிற்கின்றன. போதும் என்பதே என் எண்ணம், இதில் அவர் பக்கம்தான் நான். சஜித் பிரேமதாச சர்வதேச நாணய நிதியத்தோடு கடன் நிபந்தனை பற்றி மறுபடி பேசுவேன் என்கிறார். பேசட்டும். 2022 ஆகஸ்டில் எங்கள் படகுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவானதை எந்தத் தொழிலாளியும் மறக்கவில்லை.

உங்கள் கட்டுரையில் இல்லாதது கடல். திங்கள், புதன், சனி தமிழ்நாட்டு ரோலர் எங்கள் கடலுக்குள் வரும் நாட்கள். அந்த இரவுகளில் வலை விரிக்கத் துணிவதில்லை. ஜூன் நடுவில் தமிழ்நாட்டின் மீன்பிடித் தடைக்காலம் முடிந்த கையோடு, ரோலர் நாள் இல்லைத்தானே என்று என் மைத்துனர் ஒரு செவ்வாய் இரவு வலை விட்டார். விடிய எடுக்கப் போனால் இரண்டு மிதவையும் அறுந்த கயிறும்தான் கிடந்தன. கடனுக்கு வாங்கிய வலை. அக்கா கரையில் நின்று அந்தக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தா, ஒரு வார்த்தை பேசவில்லை.

ரோலர்கள் கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலைக்கு இலங்கையில் 2017இலேயே சட்டம் போட்டுத் தடை செய்தாயிற்று. ஆனாலும் 2024 ஜூனில் ரோலரைப் பிடிக்கப் போன கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். ஆகஸ்டில் நெடுந்தீவுக் கடலில் படகு மோதி ராமேஸ்வரத்து மீனவர் ஒருவர் இறந்தார். அவரும் தமிழன், எங்களைப் போல கடலை நம்பி வாழ்ந்தவர். அந்த மீனவர்களைப் பிடித்து அடைப்பதும் பிறகு விடுவதும் எங்களுக்குத் தீர்வில்லை. இழுவைமடியை விட்டு ஆழ்கடலுக்குப் போக அந்தத் தொழிலாளிகளுக்கு வழி செய்து கொடுக்கும்படி டெல்லியிடமும் சென்னையிடமும் அழுத்திக் கேட்கிற ஜனாதிபதிதான் எங்களுக்கு வேண்டும். 'அயலோடு நட்பு' என்று எல்லா வேட்பாளர்களும்தான் சொல்கிறார்கள். அந்த நட்பை வைத்து இதைக் கேட்பார்களா?

வாக்களிப்புக்கு முன் இந்த ஒரு கேள்வியை ஒவ்வொருவரிடமும் கேட்டு, கிடைத்த பதிலை அப்படியே பிரசுரியுங்கள். பதில் சொல்லாதவரின் பெயருக்கு நேரே இடத்தை வெறுமையாக விடுங்கள். தேர்தல் நாளான 21ஆம் திகதி சனிக்கிழமை, ரோலர் வரும் நாள். எங்கள் படகுகள் கரையில்தான் நிற்கும், நாங்கள் எல்லோரும் வாக்களிக்கப் போவோம்.

கடற்றொழிலாளி ஒருவர்,
பேசாலை, மன்னார்.